லாபிஸ் போகும் லாரி

இன்று 2025 நவம்பர் 22, சனிக்கிழமை. மாலை மணி 7:10. மண்டபத்துக்கு வெளியே மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கைப்பேசியில் எங்கள் விளையாட்டின் சர்வரைப் பார்த்தேன். 'வெள்ளப்பாதை'யில் முந்நூற்றுப் பதினேழு பேர் இருந்தார்கள். சனிக்கிழமை இந்த நேரத்துக்கு இதில் பாதிகூட இருக்காது. அவர்களில் சிலர் இப்போது என் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். உங்கள் மடியில் வெளிச்சம் தெரிகிறது. அணைக்க வேண்டாம். சத்தத்தை மட்டும் குறையுங்கள்.

மேடையில் அமர்ந்திருக்கும் ஷாமளாவின் தந்தை ராஜசேகரன் ஐயா அவர்களே, தாயார் கிருஷ்ணம்மா அவர்களே, இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் மாசாய் விளையாட்டாளர் மன்றத் தலைவர் வேலு அண்ணன் அவர்களே, என் கூட்டாளிகள் அமண்டா, செல்வா, குளுவாங்கிலிருந்து வேன் பிடித்து வந்திருக்கும் உறவினர்களே, பாசிர் கூடாங்கிலிருந்து சீருடையோடு நேரே வந்திருக்கும் நண்பர்களே! எல்லாருக்கும் வணக்கம்.

நான் மதிவாணன். சர்வர் என் பொறுப்பு. மேடையில் பேசிப் பழக்கமில்லை. அழ வைக்கத் தெரியாது. தெரிந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் விளையாட்டு வடிவமைப்பாளர் ஷாமளா ராஜசேகரன் சென்ற வாரம் புதன்கிழமை டிங்கிக் காய்ச்சலில் காலமானார். வயது முப்பத்து மூன்று. அவர் என்ன வேலை செய்தார் என்று உறவினர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. இன்று காலை ஷாமளா வீட்டு வாசலில் ஒரு மாமா என்னிடம் கேட்டார்: "பாப்பா கம்ப்யூட்டர்ல ஏதோ கேம் பண்ணுச்சாமே, அதுல என்னாப்பா இருக்கு?" மாமா, அதற்குப் பதில் இது.

'வெள்ளப்பாதை' கைப்பேசியில் பலர் சேர்ந்து ஆடும் விளையாட்டு. ஜொகூர் முழுக்க வெள்ளம். ஐந்து பேர் ஒரு குழு, குழுவுக்கு ஒரு லாரி. சரக்கை ஏற்றிக்கொண்டு, எந்தச் சாலை மூழ்கிவிட்டது, எந்தப் பாலம் இன்னும் நிற்கிறது என்று பார்த்து ஊர் போய்ச் சேர்க்க வேண்டும். எதிர்க்குழு பாலத்தை உடைக்கும். டீசலைத் திருடும். ஒரு பயணம் நாள் கணக்கில் நீளும். இதை யோசித்தவர் ஷாமளா. வரைந்தவர் அமண்டா. வியாபாரம் செல்வா. ஓட வைப்பது நான். நாலு பேருக்கும் சம பங்கு.

எங்கள் அலுவலகத்தில் நடந்தது ஒரே ஒரு சண்டைதான். நாலு வருடமாக அதே சண்டை. சந்தையில் முதலிடத்தில் ஒரு விளையாட்டு இருக்கிறது. பெயர் சொல்லத் தேவையில்லை, உங்கள் பிள்ளைகள் எல்லாருடைய கைப்பேசியிலும் இருக்கிறது. அதைப் பார்த்துச் செய்வதா, வேண்டாமா?

வேண்டாம் என்றவர் ஷாமளா. செய்வோம் என்றவன் நான். "அவன்கிட்ட கோடிக்கணக்குல ஆள் இருக்கு. ஏன் இருக்கு? சரியா செஞ்சிருக்கான். அதை நாம எதுக்கு மறுபடி கண்டுபிடிக்கணும்?"

"அவன் சட்டைய நாம போட்டா தொளதொளன்னு தொங்கும் மதி."

"அப்ப சின்ன சைஸ் வாங்கு!"

"சின்ன சைஸ் அவன் தைக்கிறதில்லலா. அதான் சொல்றேன்."

இப்படித்தான் போகும். இரங்கல் கூட்டம் என்பதால் ஷாமளா எப்போதும் சரியாகத்தான் சொன்னார் என்று நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் அவரே எழுந்து வந்து "பொய் சொல்லாத" என்பார். பட்டன் விஷயத்தில் அவர் தப்பு. லாரி ஓட்டுகிற பட்டன்களை எல்லாம் தன் இஷ்டத்துக்கு வலது பக்கம் வைத்திருந்தார். முதலிடக்காரன் வைத்திருப்பது இடது பக்கம். புதிதாக வருகிறவர்கள் இரண்டு நிமிடத்தில் ஓடிப் போனார்கள். மாற்று என்றேன். மாட்டேன் என்றார். ஒரு நாள் கைப்பேசியை எடுத்துக்கொண்டு மாசாய் கோப்பிக் கடையில் போய் உட்கார்ந்தார். பசியாற வந்த முன்பின் தெரியாதவர்கள் கையில் கொடுத்து, "இதை ஓட்டிப் பாருங்க அண்ணே" என்று சொல்லிவிட்டு, திரையைப் பார்க்காமல் அவர்களுடைய கட்டை விரலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அலுவலகத்துக்குத் திரும்பி வந்து பையைக்கூட இறக்கவில்லை.

"நீ சொன்னதுதான் சரி. எல்லா விரலும் இடப்பக்கம்தான் போகுது. மாத்திடு."

அவ்வளவுதான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. 'ஆனால்' என்று ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. படித்த நம்மில் எத்தனை பேருக்கு இது வரும்? எனக்கு வராது.

இன்னொரு விஷயத்தில் நான் தப்பு. அதற்கு முன் உங்களுக்கு 'கைமாற்று' பற்றித் தெரிய வேண்டும்.

ஷாமளா டிப்ளோமா முடித்ததும் பாசிர் கூடாங்கில் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசராக இருந்தார். அங்கே ஒரு வழக்கம். ஷிப்ட் முடிந்துவிட்டது என்பதற்காக யாரும் மெஷினை விட்டு நகர முடியாது. அடுத்த ஷிப்ட் ஆள் வர வேண்டும். என்ன ஓடுகிறது, எது கோளாறு என்று அவரிடம் சொல்ல வேண்டும். அவர் "எடுத்துக்கிட்டேன்" என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் கையுறையைக் கழற்றலாம். இதை அப்படியே விளையாட்டுக்குள் கொண்டு வந்தார். நீங்கள் வேலைக்குப் போக வேண்டுமா? உங்கள் லாரியை வேறு ஒருவருக்கு மாற்றி விடலாம். எங்கே நிற்கிறது, என்ன சரக்கு, என்ன பிரச்சினை என்று ஒரு வரி சொல்கிறீர்கள். அவர் 'எடுத்துக்கிட்டேன்' என்ற பட்டனை அழுத்துகிறார். லாரி நிற்பதில்லை. திரும்பி வந்து வாங்கிக்கொள்ளலாம்.

முதலிடக்காரனிடம் இது கிடையாது. அவனிடம் இருப்பது தண்டனை. ஆட்டத்தின் நடுவில் போனால் தடை. சர்வர் பக்கம் பார்த்தால் அது சுலபம், சுத்தம். கைமாற்று எனக்குத் தலைவலி. ஒரு லாரி, ஐந்து கைப்பேசி, யார் கையில் இருக்கிறது என்று ஒவ்வொரு நொடியும் சரிபார்க்க வேண்டும். தூக்கிவிடுவோம் என்றேன்.

ஷாமளா என்ன சொன்னார்? "எதுக்கு கத்திக்கிட்டு? ரெண்டு வாரம் போட்டுப் பார்ப்போம்." கைமாற்றை எடுத்தோம். தண்டனையைப் போட்டோம்.

மூன்றாவது நாள் மாலை, ஒரே நிமிடத்தில் ஒரு பெரிய கும்பல் சர்வரிலிருந்து விழுந்தது. எல்லாருக்கும் ஒரு நாள் தடை. யாரோ எங்கள் சர்வரைத் தாக்குகிறார்கள் என்று நினைத்தேன். நெட்வொர்க்கை அடைத்தேன், திறந்தேன், ஐ.பி. முகவரிகளை ஒவ்வொன்றாகத் தேடினேன். எல்லாம் மாசாய் முகவரி. மறுநாள் காலை வேலு அண்ணன் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் அலுவலகத்துக்குள் வந்தார். அவர் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர்.

"யாருலா இங்க சர்வர்?"

"நான்தான் அண்ணே."

"பேக்டரி பஸ் வந்துச்சு, ஏறுனேன். அதுக்கு ஒரு நாள் சஸ்பெண்டா? என் மேனேஜர்கூட எனக்கு இப்படி செஞ்சதில்லடா!"

தாக்கியது யார்? இரவு ஷிப்ட் பஸ்! எங்கள் ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் அந்த பஸ்ஸில் போகிறவர்கள், இல்லாவிட்டால் விடிவதற்குள் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள். அவர்கள் நடுவில் போகத்தான் செய்வார்கள். ஷாமளா வேலு அண்ணனுக்குக் கோப்பி கலக்கிக் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "மதி, அவன் ஒருத்தரைத் தள்ளி வெச்சா, அடுத்த நொடி அந்த இடத்துக்கு ஆயிரம் பேர் வருவான். நாம வேலு அண்ணனைத் தள்ளி வெச்சா யார் வருவா?"

கணக்கு எனக்குப் புரிந்தது. பெரியவனுடைய விதிகள் அவனுடைய கூட்டத்துக்கு எழுதியவை. கூட்டம் இல்லாதவன் அதே விதியைப் போட்டால் லாரி நடு ரோட்டில் ஆளில்லாமல் நிற்கும். சரி, பின்பற்றவே கூடாதா? கூடும்! விரலுக்குப் பழகியதை அவனிடமிருந்து வெட்கமில்லாமல் எடு. நம் ஆட்கள் எப்போது வருவார்கள், எப்போது போவார்கள் என்பதை அவனிடம் கேட்காதே. அலுவலகச் சண்டையில் நாங்கள் வந்து சேர்ந்த இடம் இதுதான். நானும் பாதி ஜெயித்தேன், அவரும் பாதி ஜெயித்தார்.

ஆனால் சண்டை முடியவில்லை. செப்டம்பரில் கோலாலம்பூரிலிருந்து ஒரு நிறுவனம் வந்தது. 'வெள்ளப்பாதை'யை வெளியிட்டு விளம்பரம் செய்கிறோம் என்றார்கள். நிபந்தனை ஒன்று: கைமாற்றை எடுத்துவிட்டு, முதலிடக்காரன் போலவே தண்டனையும் தரவரிசையும் வைக்க வேண்டும். செல்வா சரி என்றான். அவனைத் திட்ட வேண்டாம். எங்கள் கையில் இருக்கும் பணம் அடுத்த வருடம் நடுப்பகுதி வரைதான் தாங்கும், அதைத் தினமும் பார்க்கிறவன் அவன். ஷாமளாவும் அமண்டாவும் முடியாது என்றார்கள். நான் முடிவு சொல்லவில்லை. பஸ் விவகாரத்துக்குப் பிறகுமா என்று கேட்பீர்கள். ஆமாம். சர்வரே இல்லாமல் போனால் கைமாற்றை வைத்து என்ன செய்வது? அதுதான் என் யோசனை.

இப்போது ஷாமளாவின் பங்கு கிருஷ்ணம்மா அவர்களிடம் வந்திருக்கிறது. அம்மா என்னிடம் சொன்னது இது: "எனக்கு கேம் தெரியாதுப்பா. நீங்க மூணு பேரும் எந்தப் பக்கம் அதிகமோ, அங்க நான் கையெழுத்துப் போடறேன்." ஒன்றுக்கு ஒன்று நிற்கிறது. என் வார்த்தைதான் பாக்கி. திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும்.

இதற்கிடையில் ஒன்று நடந்தது. மருத்துவமனையில் சேர்த்த அன்று ஷாமளாவின் லாரி குளுவாங்கைத் தாண்டி லாபிஸ் போய்க்கொண்டிருந்தது. அரிசிச் சரக்கு. படுக்கையிலிருந்தே கைமாற்றினார். அவர் சொன்ன வரி சர்வரில் இருக்கிறது: "குளுவாங் தாண்டியாச்சு. அரிசி. பிரேக் கொஞ்சம் இழுக்குது. நான் படுக்கணும்." வேலு அண்ணன் அழுத்தினார்: எடுத்துக்கிட்டேன். அவர் ஷிப்டுக்குப் போகும்போது இன்னொருவர். அவரிடமிருந்து இன்னொருவர். அந்த லாரி அன்றிலிருந்து இன்றுவரை நிற்கவில்லை. இன்று உள்ளே இருக்கும் முந்நூற்றுப் பதினேழு பேரில் பெரும்பகுதி அதன் பின்னால் வரிசையாக ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். எதிர்க்குழுக்காரர்கள் அது போகிற பாலத்தை உடைப்பதில்லை. டீசல் திருடுகிற குழு ஒன்று டீசல் ஊற்றிவிட்டுப் போயிருக்கிறது!

இப்படிச் செய்யுங்கள் என்று நான் எந்த விதியும் எழுதவில்லை. முதலிடக்காரனைப் பார்த்து நாம் மாறியிருந்தால் இந்த லாரிக்கு என்ன ஆகியிருக்கும்? ஷாமளாவுக்குக் காய்ச்சல் வந்த அன்றே 'நடுவில் போனார்' என்று தடை விழுந்திருக்கும். லாரி நடு ரோட்டில் நின்றுபோயிருக்கும். நானே அதை எழுதியிருப்பேன், சுத்தமாக, பிழையில்லாமல்.

இப்போது ஒன்று சொல்கிறேன், கோபிக்காதீர்கள். அந்த லாரி லாபிஸ் போய்ச் சேர்ந்து நாளாகிறது. சரக்கை இறக்கும் இடத்தை நீங்கள் சுற்றிச் சுற்றி வருகிறீர்கள். ஏன் என்று வேலு அண்ணனைக் கேட்டேன்.

"இறக்கிட்டா பயணம் முடிஞ்சிரும் தம்பி. லாரி சொந்தக்காரர்கிட்ட திரும்பப் போயிரும். சொந்தக்காரர் எங்க இருக்காங்க?"

உண்மைதான். நான் எழுதிய விதி அப்படி. இறக்கியதும் லாரி ஷாமளாவின் கணக்குக்குத் திரும்பிப் பூட்டிக்கொள்ளும். சொந்தக்காரர் இறந்து போவார் என்று நான் யோசிக்கவில்லை. முதலிடக்காரனும் யோசிக்கவில்லை, பார்த்துவிட்டேன்.

அதற்காகச் சுற்றிக்கொண்டே இருப்பதா? ஷாமளாவைத் தெரிந்தவர்களே, சொல்லுங்கள்! அரிசியை ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றும் லாரியைப் பார்த்தால் அவர் என்ன சொல்வார்? "அங்க லாபிஸ்ல ஆளுங்க காத்துக்கிட்டு இருக்காங்க, இறக்குங்கடா" என்று கத்துவார். லாரி ஓடியது அரிசி போய்ச் சேர்வதற்காக. ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் பிடித்ததும் அதற்காகத்தான்.

ராஜசேகரன் ஐயா, அம்மா, உங்கள் மகள் செய்த வேலையில் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால், அந்த லாரியைக் காட்டுங்கள். என்னிடம் இதைவிடப் பெரிய சொல் இல்லை. செல்வா, குனிந்து உட்காராதே, நீ சொன்னதில் பாதி இந்தப் பட்டியலில் இருக்கிறது. நான் செய்யப் போவது இவை:

1. திங்கட்கிழமை காலை, கோலாலம்பூர் நிறுவனத்துக்குப் பதில். தரவரிசை, விளம்பரம், இரண்டுக்கும் சரி. கைமாற்றை எடுக்க முடியாது, தண்டனை வைக்க முடியாது. அதோடு வருவதானால் வரட்டும். இல்லையென்றால் நன்றி. என் வாக்கு இது.

2. புதிதாக வருகிறவர்களுக்கு நாம் சொல்லிக் கொடுக்கும் விதம் மோசம் என்று செல்வா வருடக்கணக்காகச் சொல்கிறான். அது உண்மை. முதலிடக்காரனைப் பார்த்து அப்படியே செய்யப் போகிறேன். ஷாமளா இருந்தால் சண்டை போடுவார். போடட்டும்.

3. அடுத்த வருடம் நடுப்பகுதிக்குப் பிறகும் சர்வர் ஓட வேண்டும். பகலில் வேறு கம்பெனி வேலை எடுக்கிறேன். இரவு ஷிப்ட் பஸ் நேரத்தில் சர்வருக்குப் பக்கத்தில் இருப்பேன்.

4. விளையாட்டுக்குள் வைக்க அமண்டா கேட்ட சிலை, ஷாமளா பெயரில் கோப்பை, இரண்டும் வேண்டாம். அதற்குப் பதில் விதியை மாற்றுகிறேன்: சொந்தக்காரர் இல்லாத லாரி பூட்டிக்கொள்ளாது. கடைசியாக யார் எடுத்துக்கொண்டாரோ, அவருடையது. அவர் போனால் அடுத்தவருடையது. நேற்று எழுதி முடித்துவிட்டேன். கூட்டம் முடிந்ததும் சர்வரில் ஏற்றுகிறேன்.

5. ஏற்றிய கையோடு, வெளியே கோப்பி குடிக்கும்போது, லாபிஸில் அரிசியை நான் இறக்குகிறேன். பிறகு லாரி வெறுமையாக மாசாய் திரும்பி, அடுத்த சரக்கை ஏற்றும். வேலு அண்ணே, லாரி இப்போது உங்கள் கையில்தானே? கைமாற்றுங்கள். பிரேக் இழுக்கிறது, தெரியும். எடுத்துக்கிட்டேன்.