தாடிக்காரன் பாட்டுக்குத் தமிழ்

ஊருக்குப் போறத அப்புறம் பேசலாம், மதினி. ராத்திரி பூரா ரயில்ல உக்காந்து வந்திருக்கீங்க, முதல்ல காப்பியக் குடிங்க. நானா? பரவால்ல, நிக்கறேன். காலையிலேருந்தே ஒரு இடத்துல உக்கார முடியல. இருங்க, அந்த ஜன்னல மட்டும் தொறந்துடறேன்.

எதிர்வீட்டுத் தபீதாள்தான ஊருக்கு வந்து சொன்னா? ஞானசௌந்தரிக்குப் புத்தி கெட்டுப்போச்சு, ஞாயித்துக்கிழமை கோயில் முடிஞ்சு வந்தா மத்தியானம் ஒரு ஆம்பள வீட்டுக்கு வரான், பாட்டுச் சத்தம் தெருமுனை வரைக்கும் கேக்குதுன்னு. பொய்யில்ல. பாட்டுதான் கேட்டோம். கதவத் தொறந்து வச்சுக்கிட்டுத்தான் கேட்டோம்.

உங்க தம்பி வாங்கின ரெக்கார்டுதான் எல்லாம். அந்த வெள்ளக்காரப் பாட்டுக்காரன்னா அவருக்கு உயிர்னு உங்களுக்கே தெரியும். முதல்ல நாலு பேரோட கூட்டமா பாடிக்கிட்டிருந்தவன், அப்புறம் பிரிஞ்சு வந்து கிட்டாரும் மவுத் ஆர்கனுமா தனியா பாடினான். தனியா பாடின ரெக்கார்டு ரெண்டையும் மூர் மார்க்கெட்டுல அலைஞ்சு வாங்கிட்டு வந்தாரு. ஆபீஸ்லேருந்து வந்ததும் இந்த ரூம்ல உக்காந்து கண்ண மூடிக்குவாரு. நான் ஏதாச்சும் கேக்க வந்தா, பேசாதேன்னு கைய இப்பிடிக் காட்டுவாரு. குறை சொல்லல மதினி. ஒரு நாள் கைநீட்டினதில்ல, ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்ல. ஆனா அத்தனையும் காதல் பாட்டு. பள்ளிக்கூடத்துல இங்கிலீஷ் சொல்லிக்குடுக்கறவ நான், என் வீட்டுப் பாட்ட சமையக்கட்டுல நின்னுதான் கேட்டேன்.

எழுபத்திமூணுல அவரு போனதும் பாட்டுப் பெட்டி மேல ஒரு துண்டப் போட்டு மூடிட்டேன். கொஞ்ச மாசம் கழிச்சு கொல்லையில துணி காயப்போடறேன், மதிலுக்கு அந்தப் பக்கத்துலேருந்து கேசவன் கூப்பிடறாரு. அதான், முடிச்சூர்ல நிலம் வச்சிருக்கவரு. அடக்கத்தன்னிக்கு பெஞ்சு, நாற்காலியெல்லாம் அவரு வீட்டுலேருந்துதான் வந்துச்சு. உயரமா, ஞாபகம் இருக்குல்ல? இன்னா டீச்சர், சாரோட பாட்டு இப்பல்லாம் கேக்கறதேயில்லன்னாரு. மாட்டுக்குத் தண்ணி காட்டறப்பல்லாம் கேட்டுக்கினு இருந்தேன், இப்ப மாடும் நானும் சும்மா நிக்கறோம்னாரு. ஒரு வார்த்தை அவருக்குப் புரியாது. ஆனா மெட்டு எல்லாம் தெரியும். மதில் மேல கைய வச்சுக்கிட்டு ஒரு பாட்ட முனகிக் காட்டினாரு. எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. உங்க தம்பி போனதுக்கப்புறம் நான் சிரிச்சது அன்னைக்குத்தான்.

போட்டேன். ரெக்கார்டு மேல முள்ளு வைக்கத் தெரியாம முதல் பாட்டுலேயே ஒரு கீறல் போட்டேன்.

அப்பிடித்தான் ஞாயித்துக்கிழமை வர ஆரம்பிச்சாரு. வாசப்பக்கம் நாற்காலியப் போட்டு உக்காருவாரு. இதுக்கு இன்னா அர்த்தம் டீச்சர்னு கேப்பாரு. நானும் ஆறாம் கிளாஸ் பாடம் மாதிரி சொன்னேன். மலை, மழை, ஆளில்லாத ஸ்டேஷன், அதெல்லாம் சுலபம். அப்புறம் ஒரு நாள் அந்த மெதுவான பாட்டு வந்துச்சு. அதுக்கும் கேட்டாரு. நான் யோசிக்காம சொல்லிட்டேன். குளுருது, என் பக்கத்துல வந்து படுத்துக்கோ, விடிஞ்சாலும் போகாதன்னு.

அப்பிடிப் பாக்காதீங்க மதினி. இங்கிலீஷ்ல கேட்டா அது பாட்டு. தமிழ்ல சொன்னா, நான் அவர்கிட்ட சொன்னாப்புல ஆயிடுச்சு. அவரு தரையப் பாத்துக்கிட்டிருந்தாரு. பாட்டு முடிஞ்சு ரெக்கார்டு சும்மா சுத்துது, முள்ளு உரசிக்கிட்டே இருக்கு. ரெண்டு பேரும் எழுந்துக்கல. அப்புறம் துண்ட எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு, வரேன் டீச்சர்னு போயிட்டாரு.

அடுத்த வாரம் வரல. அதுக்கடுத்த வாரமும் வரல. கொல்லப்பக்கம் போனா மாடு மட்டும் நிக்குது. நான் பட்ட பாடு உங்களுக்கு எப்பிடிச் சொல்றது. பரீட்சை பேப்பர் திருத்தறேன், சரியான பதிலுக்கெல்லாம் தப்பு போட்டு வச்சிருக்கேன். சாதம் வடிக்கறேன், கஞ்சியோட சாதமும் போகுது.

ஒரு நாள் மத்தியானம் வந்தாரு, கையில பேப்பர் சுத்தின ரெக்கார்டு. அந்தப் பாட்டுக்காரன் தனியா பாடின மூணாவது. அவரே தேடி வாங்கியிருக்காரு. கடைக்காரன் பேர் கேட்டிருக்கான், இவருக்குத் தெரியல. தாடி வச்சுக்கினு இருப்பான், கூட்டத்த வுட்டுட்டுத் தனியா பாடறவன்னு சொல்லியிருக்காரு. அந்த மாதிரி பத்துப் பேர் இருக்கான்னானாம். சரின்னு கடையில நின்னு பாடியே காட்டியிருக்காரு. சனங்க கூடிடுச்சாம்.

என்கிட்ட குடுத்துட்டு, இதுக்கு அர்த்தம் வேணாம் டீச்சர், பக்கத்துல குந்திக் கேட்டா போதும்னாரு.

அவருக்குக் கல்யாணமா? ஆனதில்ல. மூணு தங்கச்சிங்களக் கட்டிக்குடுத்து முடிக்கறதுக்குள்ள நாப்பத்தஞ்சு ஆயிடுச்சு. இல்ல, இந்துதான். என்னப் பொட்டு வைன்னு அவரு சொல்லல, நம்ம சர்ச்சுக்கு வாங்கன்னு நானும் சொல்லல.

நீங்க எனக்காகத்தான் வந்தீங்க, தெரியும். ஆனா பாளையங்கோட்டைக்கு நான் வரல மதினி. போன திங்கக்கிழமை ரிஜிஸ்தர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுட்டோம். ஆமா, கல்யாணந்தான். பள்ளிக்கூடத்துல பியூலா டீச்சர் வந்து சாட்சி போட்டாங்க.

தம்ளரக் குடுங்க, இன்னும் கொஞ்சம் ஊத்தறேன். அவரு இப்ப வந்துடுவாரு. சாரோட அக்கா வராங்கன்னு சொன்னதுலேருந்து ஒரே பயம் அவருக்கு, காலையிலேயே முடி வெட்டிக்கப் போயிருக்காரு.