முப்பது எண்ணும்வரை

என் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று மாலை வகுப்பில் எல்லாரும் சொல்வார்கள். அதனால் அந்த அட்டையைக் கடையில் கொடுத்து அச்சடிக்காமல் நானே எழுதினேன். 'இவர் என் கணவர் பாண்டிராஜ். மறதி நோய் உள்ளவர். தயவுசெய்து பொறுத்துக்கொள்ளுங்கள்.' 'தயவுசெய்து' வேண்டுமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பிறகு லேமினேட் செய்து கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அவர் பதினாறு வருடம் பஸ் கண்டக்டர். நாற்பத்தாறு வயதில் நோய் வந்தது; எனக்கு அப்போது முப்பத்தொன்று. வீட்டில் அவரிடம் பேச்சே இருக்காது. வெளியே நாலு பேரைக் கூட்டமாகப் பார்த்துவிட்டால் டூட்டி ஆரம்பித்துவிடும். முன்பின் தெரியாதவர்களின் தோளைத் தட்டி, "உள்ள போங்கண்ணே, அம்புட்டு எடம் கெடக்குல்ல" என்பார். பெண்களையும் தட்டுவார். நெரிசலில் நசுங்கிவிடக்கூடாது என்று குழந்தைகளைத் தூக்கி எங்காவது உயரத்தில் உட்காரவைப்பார். ஆட்கள் முறைப்பதற்குள் நான் அட்டையை நீட்டிவிடுவேன்.

வகுப்பு மாலை ஆறு மணியிலிருந்து எட்டு மணிவரை. வருகை குறைந்தால் தேர்வு எழுத விடமாட்டார்கள். அந்த நேரத்தில் பக்கத்து வீட்டு ஒச்சாயி அக்காதான் அவரைப் பார்த்துக்கொண்டார். ஒரு நாள் வாசலிலேயே என்னை நிறுத்தினார். "கனகா, ஒம் வீட்டுக்காரரு தெருவுல போற வாறவுகள எல்லாம் ஏத்தி எறக்குறாரு. சாதுவா இருந்தா பாக்குறேன்டி. இல்லாட்டி வேற ஆளப் பாத்துக்க."

மறுநாள் ஒரு டீக்கடையில் ஒருவர் அவரை அறைந்தார். பையின் ஜிப் மாட்டிக்கொண்டதால் அட்டையை எடுக்கத் தாமதமாகிவிட்டது. அது உண்மை. அதன்பிறகு இரண்டு நாள் அவர் கட்டிலைவிட்டு இறங்கவில்லை. இரண்டு நாளும் நான் வகுப்புக்குப் போனேன்.

தினமும் பத்து வரி எழுதும் பழக்கம் எனக்கு உண்டு. அதில் குறித்துவைத்தேன். தற்செயலாகவும் இருக்கலாம், ஒரு தடவையை வைத்து முடிவு செய்யக்கூடாது என்று தோன்றியது. அடுத்த வாரம் சந்தையில், மனதுக்குள் பத்து எண்ணியபிறகு அட்டையை நீட்டினேன். பிடித்துத் தள்ளினார்கள், அவ்வளவுதான். ஒரு நாள் அமைதி. இருபது எண்ணினால் மூன்று நாள். என் கை அவர்மேல் பட்டதே இல்லை. அடித்தவர்கள்கூட அட்டையைப் படித்ததும், "மன்னிச்சுருங்கம்மா" என்று அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

தேர்வுக்கு ஒன்பது நாள் இருந்தது. ஒன்பது நாள் அமைதிக்கு எவ்வளவு எண்ண வேண்டும் என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. முப்பது என்று வைத்துக்கொண்டேன்.

எங்கள் திருநகரில் அதற்குள் எல்லாருக்கும் அவரைத் தெரிந்துவிட்டது. யாரும் கோபப்படுவதில்லை. அதனால் டி. கல்லுப்பட்டிக்கு அப்பால் ஒரு ஊர்த் திருவிழாவுக்குக் கூட்டிப்போனேன். பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருப்பதாக அந்தப் பக்கம் வாட்ஸ்அப்பில் பேச்சு ஓடியது எனக்குத் தெரியும். நேற்று ஸ்டேஷனில் நீங்கள் கேட்டபோது தெரியாது என்றேன். அதைத் திருத்திக்கொள்ளுங்கள் ஐயா.

கூட்டத்தில் அழுதுகொண்டிருந்த ஒரு பெண் குழந்தையை அவர் தூக்கினார்.

"யார்ரா நீ? பிள்ளைய எறக்குடா."

"சில்லறையா குடுங்கண்ணே" என்றார் இவர்.

யாரோ சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. அட்டை என் கையில் இருந்தது. நான் எண்ணத் தொடங்கினேன்.

பதினெட்டில், கீழே கிடந்தபடி அவர் என்னைப் பார்த்தார். நான் யாரென்று அவருக்குத் தெரியவில்லை. "தங்கச்சி, நெரிசல்ல நிக்காத. பின்னால போ" என்றார்.

எனக்கு எண்ணிக்கை விட்டுப்போனது. எதையும் முறையாகச் செய்கிறவள் நான். ஒன்றிலிருந்து மறுபடியும் தொடங்கினேன்.

முப்பது வந்ததும் அட்டையை நீட்டினேன். அது கைக்குக் கை மாறிப் போனது. ஒருவர் சத்தமாக வாசித்தார். இன்னொருவர் குனிந்து அவர் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு அழுதார். இரண்டு பேர் என் காலில் விழுந்தார்கள்.

தெரியாமல் செய்ததுதானே என்று நான்தான் அவர்களைத் தேற்றினேன்.