பச்சைப் பங்களாவில் ஒரு சுமைதாங்கி

இரவு பத்தே கால். பரளச்சியிலிருந்து அருப்புக்கோட்டைக்கு வருகிற ரோடு. இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். ஒரு வீடு கிடையாது, ஒரு லைட்டு கிடையாது... அங்கேதான் என் வேன் நின்றுபோனது.

நிற்பதற்கு முன்னாலேயே எனக்குத் திட்டு விழ ஆரம்பித்துவிட்டது. ஒரு வளைவில், தலையில் சின்ன மூட்டையோடு ஒரு பொம்பளை கையைக் காட்டிக்கொண்டு நின்றாள். நான் நிறுத்தவில்லை. இன்னும் அழுத்தி மிதித்தேன்.

"ஏப்பா முத்துராசு, ஒனக்கு ஈவு எரக்கமே கெடையாதா? மாசமா இருக்கவ மாதிரி தெரிஞ்சாளேப்பா!" என்று கத்தினாள் முருகேஸ்வரி அக்கா. அவள் மகள் சத்யபிரியாவுக்கு ஏழாம் மாதம். அன்றைக்குத்தான் பரளச்சியில் மாமியார் வீட்டில் வளைகாப்பு. பிரசவத்துக்காக மகளைப் பாளையம்பட்டிக்குக் கூட்டிப் போகிறார்கள். கூட வந்தது அக்காவின் அண்ணன் நல்லகண்ணு மாமா.

"நம்ம வீட்டுலயும் ஒரு புள்ளத்தாச்சி இருக்கு. அந்தப் பாவத்த நம்ம தலையில கட்டிட்டியேலே" என்று அவரும் தன் பங்குக்குப் போட்டார்.

அப்புறம் ஒரு மைல்கூடப் போயிருக்க மாட்டோம். வண்டி இடது பக்கமாக இழுத்தது. இறங்கிப் போய்ப் பின்சக்கரத்தைக் கையால் அழுத்திப் பார்த்தேன். ஜாக்கியையும் போட்டுப் பார்த்தேன். "பஞ்சர்" என்று சொல்லிவிட்டு வந்து படியோரம் உட்கார்ந்தேன். மாமாவும் அக்காவும் என்னை ஒட்டிக் குறுகி உட்கார்ந்தார்கள். சத்யபிரியா மட்டும் உள்ளே ஜன்னல் சீட்டிலேயே இருந்தாள். அசைந்தால் வளையல் சத்தம் கேட்கும்.

திட்டு மறுபடியும் ஆரம்பித்தது. எனக்கும் பொறுமை போய்விட்டது.

"வெளக்கு வைக்க முன்னாடி கெளம்பணும்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டீகளா? இப்ப என்னைய வையிறீக. ஏன் நிறுத்தலைன்னு சொல்றேன். முழுசாக் கேட்டுட்டு அப்புறம் வைங்க" என்றேன்.

அவர்களிடம் நான் சொன்னது இதுதான்.

என் கூட்டாளி ஜோயலின் அக்கா எலிசபெத். அவள் புருஷன் ஜான்ராஜ் அருப்புக்கோட்டையில் ஜெனரேட்டர் மெக்கானிக். பாளையம்பட்டியில் வீடு. கல்யாணமாகி எட்டு வருஷம் பிள்ளை இல்லை. எலிசபெத் ஏறாத ஆஸ்பத்திரி கிடையாது, முழங்கால் போடாத கோயில் கிடையாது. தெருவில் யார் பிள்ளையைப் பார்த்தாலும் வாங்கி மடியில் வைத்துக்கொள்வாள். பெற்றவள் வந்து கேட்கிறவரை தரமாட்டாள். "எம் மடியில ஒண்ணு ஒக்காரணும் ஆண்டவரே, அது போதும்." எட்டு வருஷமும் அவளுக்கு இந்த ஒரே ஜெபம்தான்.

ஒன்பதாம் வருஷம் வயிற்றில் தங்கியது. தொண்ணூற்று நான்கு அது. ஏழு மாதம் முடிந்திருந்தபோதுதான் அவர்கள் பச்சைப் பங்களாவுக்குப் போனார்கள்.

அந்த ஓட்டலுக்கு இங்கிலீஷில் ஏதோ பேர். நம்ம சனம் பச்சைப் பங்களா என்றுதான் சொல்லும். இந்த ரோட்டிலிருந்து மூன்று மைல் உள்ளே, கருவேலங்காட்டுக்கு நடுவில் அறுபது ஏக்கர். தங்குகிறவர்கள் எல்லாம் வெள்ளைக்காரர்கள், மெட்ராஸ் பணக்காரர்கள். நாம் ஒரு குடம் தண்ணிக்கு நாயாய் அலைகிறோம். அங்கே நீச்சல்குளம், கால் புதைகிற புல்தரை. பழைய தூண், பழைய கதவு, உரல், ஆட்டுக்கல் என்று எது எங்கே கிடந்தாலும் அழகுக்கு வைக்க லோடு லோடாகக் கொண்டுபோனார்கள். யாரையும் கேட்டு எடுத்ததில்லை.

அங்கே ஜெனரேட்டர் படுத்துவிட்டது. சனிக்கிழமைக்குள் ஓட வைத்தால் நீயும் உன் சம்சாரமும் ஒரு ராத்திரி ராஜா மாதிரித் தங்கலாம் என்று முதலாளி சொல்லியிருக்கிறார். ஜான்ராஜ் வெள்ளிக்கிழமையே ஓட வைத்துவிட்டான். எட்டு வருஷமாகப் புருஷன் வீட்டு அடுப்பைத் தவிர ஒன்றையும் பார்க்காதவள், ஒரு நாளாவது ஏசியில் படுக்கட்டுமே என்று ஆசை அவனுக்கு.

மேனேஜர் காசிராஜனுக்கு இது அடிவயிற்றில் எரிந்திருக்கிறது. பின்வாசல் வழியாகத்தான் உள்ளே விட்டான். "கிரீஸ் கையோட மெத்தையில ஒக்காந்துறாத. கொளத்துப் பக்கம் வராத. விருந்தாளிக கண்ணுல ரெண்டு பேரும் படக்கூடாது" என்று சொல்லிக் கடைசிக் கட்டடத்தின் சாவியைத் தூக்கிப் போட்டான். அந்த அறையில் படுத்தவர்கள் பாதி ராத்திரியில் எழுந்து வந்து வேறு அறை கேட்பார்கள் என்பதை அவன் சொல்லவில்லை.

பெரிய அறை. சுவரோரமாக நெஞ்சு உயரத்துக்கு இரண்டு கல்லை நட்டு, மேலே நீளமாக ஒரு கல்லைப் படுக்க வைத்திருந்தார்கள். பளபளவென்று பாலிஷ். பெட்டி வைக்கிற இடமாம். ஜான்ராஜ் பையை அதன்மேல் வைத்தான்.

எலிசபெத் தடவிப் பார்த்தாள். "ஏங்க, இது சுமதாங்கிக் கல்லுல்ல?"

"ஆமா. ரோட்டுல நின்னதக் கொண்டாந்து ரூமுக்குள்ள வச்சிருக்கான். பணக்காரன் புத்தியப் பாரு."

இரண்டு பேரும் சிரித்திருக்கிறார்கள். அடிப்பக்கம் எழுத்து மாதிரி தட்டுப்பட்டதாம். விரலால் தடவித் தடவிப் படித்தாள். ராக்கம்மாள்.

இங்கே நான் கதையை நிறுத்தி மாமாவைப் பார்த்தேன். "சுமதாங்கி எதுக்கு வைக்கிறதுன்னு ஒங்களுக்குத் தெரியாததா மாமா?"

"வயித்துப் புள்ளையோட செத்தவளுக்கு வைக்கிறது" என்றார் மெதுவாக. "வயித்துச் சொமைய எறக்காமப் போயிட்டா. போற வார சனம் தலைச் சொமைய அந்தக் கல்லுல எறக்கி வச்சாத்தான் அவளுக்குப் பாரம் கொறையும்பாக."

"ராக்கம்மா கல்லு எங்க நின்னுச்சு?"

மாமா நாங்கள் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். அந்த வளைவில்தான் நின்றது. ஐம்பது அறுபது வருஷம் நின்றது.

சரி, அன்றைக்கு ராத்திரி. பன்னிரண்டு மணி வாக்கில் கரண்டு போனது. ஜான்ராஜ் ரிப்பேர் பார்த்த ஜெனரேட்டர் ஒரு நிமிஷம் ஓடியது... அதுவும் நின்றது. மெஷின் சத்தத்தில் அவனுக்குத் தெரியாதது கிடையாது. அது கோளாறில் நின்ற மாதிரி இல்லை, யாரோ கையை வைத்து அமுக்கின மாதிரி நின்றது என்றான்.

இருட்டு... ஏசிக் குளிரில் ஒரு வாசனை வந்தது. விளக்கெண்ணெய். அதோடு, அப்போதுதான் பிடுங்கின கடலைச் செடியின் பச்சை வாசனை.

தொப்...

கல்லின் மேல் யாரோ மூட்டையை இறக்குகிற சத்தம். அடுத்து நீளமாக ஒரு மூச்சு. "அப்பாடி..."

மறுபடியும் தொப்... மறுபடியும் அப்பாடி... ஆம்பளைக் குரல், பொம்பளைக் குரல், கிழட்டுக் குரல். ஒருவர் பின்னால் ஒருவராக வந்துகொண்டே இருந்தார்களாம். ஐம்பது வருஷமாக அந்த வளைவில் சுமை இறக்கின சனம் முழுக்க அந்த அறைக்குள் வந்துபோனது. ஜான்ராஜால் பக்கத்தில் தூங்குகிறவளை எழுப்பக்கூட முடியவில்லை.

அப்புறம் எல்லாம் ஓய்ந்தது. கடைசியாக ஒரே ஒரு நடை... குதிகாலைத் தரையில் அழுத்தி அழுத்தி, காலை அகட்டி வைத்து வருகிற நடை. நிறைமாதக்காரி நடை. கல்லருகே போகவில்லை. கட்டிலருகே வந்து நின்றது.

"தாயி... கொஞ்சம் எறக்கி விடு தாயி..."

அக்கா, நீங்களே சொல்லுங்கள். காட்டில் மேட்டில் எங்கே இந்தச் சத்தம் கேட்டாலும் நம்ம பொம்பளைகள் என்ன சொல்வார்கள்? யார், எவர் என்று பார்ப்பார்களா? பால் கறந்துகொண்டிருந்தாலும் போட்டுவிட்டு எழுந்து போவார்கள். சுமையோடு நிற்கிறவளுக்குக் கை கொடுக்காதவள் நம்ம பக்கத்தில் கிடையாது. எலிசபெத் சின்ன வயசில் விறகு சுமந்தவள்தான். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். தூக்கத்திலேயே, கண்ணைத் திறக்காமல், பழக்கத்தில் வந்துவிட்டது.

"எறக்கு தாயி."

அவ்வளவுதான். கட்டில் கிறீச் என்று ஒரு பக்கமாக இறங்கியது. இருட்டில் யாரோ "அப்பாடி" என்றார்கள்... காலடிச் சத்தம் லேசாக, சின்னப் பிள்ளை ஓடுகிற மாதிரி, வெளியே ஓடியது.

காலையில் எலிசபெத்தைக் கட்டிலிலிருந்து எழுப்ப மூன்று பேர் வேண்டியிருந்தது. வயிற்றில் பிள்ளை நன்றாக இருந்தது. இரண்டு மாதம் கழித்து சுகப் பிரசவம். பொம்பளைப் பிள்ளை, ரெண்டே முக்கால் கிலோ, அஷ்லின் என்று பேர் வைத்தார்கள். ஜோயல் தெருவெல்லாம் சாக்லேட்டு கொடுத்தான்.

வயிறு மட்டும் இறங்கவில்லை.

நாலு வருஷம் ஆகிறது. பிள்ளை பெற்ற மறுநாளிலிருந்து இன்றுவரை நிறைமாத வயிறு. மதுரையில் ஸ்கேன் எடுத்தார்கள். உள்ளே ஒன்றும் இல்லை என்றார்கள். எடை மிஷினில் ஏறினால் நாற்பத்தெட்டு கிலோதான் காட்டுகிறது. ஆனால் அவள் உட்கார்ந்த நார்க்கட்டில் அறுந்துவிடும். சைக்கிள் கேரியர் வளைந்துவிடும். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும் என்று சுவரில் சாய்ந்துதான் தூங்குகிறாள். "என்கிட்ட எறக்குடி, என்கிட்ட எறக்கிரு" என்று ஜான்ராஜ் தினம் அழுது பார்த்துவிட்டான். ஆம்பளையிடம் அது இறங்காது போலிருக்கிறது.

அதைவிடக் கொடுமை என்ன தெரியுமா? அவளுக்கு மடி கிடையாது. அத்தனை வருஷம் மண்டியிட்டுக் கேட்டவளுக்கு, கொடுத்த பிள்ளையை உட்கார வைக்க மடி இல்லை. அஷ்லின் வந்து ஏறிப் பார்க்கும், சறுக்கி இறங்கிவிடும். பக்கத்தில் உட்கார்ந்து அவள் முந்தானையைப் பிடித்துக்கொள்ளும்.

யாராவது ஒரு பொம்பளை வாயைத் திறந்து எறக்கு என்று சொன்னால் போதும் என்று அவளுக்குத் தெரியும். நாலு வருஷமாக யாரிடமும் கேட்கவில்லை. எனக்கு வந்தது இன்னொருத்திக்கு வரவேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். போன மாதம் அஷ்லின் கேட்டதாம், "அம்மா, நீ எப்பம்மா என்னைய மடியில வைப்ப?"

அன்றிலிருந்து சாயந்தரம் ஆனால் எலிசபெத் வீட்டில் இருப்பதில்லை. தலையில் ஒரு பழந்துணி மூட்டையை வைத்துக்கொண்டு கடைசி பஸ்ஸில் ஏறிவிடுகிறாள். விடிந்த பிறகுதான் வருகிறாள். எங்கே போகிறாள் என்று ஜோயலுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

"வளைவுல நின்னது பேயின்னா நெனச்சீக? அது எங்க எலிசபெத்தக்கா. எனக்குச் சோறு போட்ட கை அது. வண்டியில புள்ளத்தாச்சிய வச்சுக்கிட்டு நான் எப்படி நிறுத்துவேன்? சொல்லுங்க!"

முருகேஸ்வரி அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு கேக்கணும். எடுத்த எடுப்புல கேட்டா மறைச்சுருவீகன்னுதான் இம்புட்டும் சொன்னேன்" என்றேன். "தாண்டிப் போறப்ப அவுக என்னமோ கேட்டாக. யாராச்சும் பதில் சொன்னீகளா?"

"நான் சொல்லலப்பா" என்றார் மாமா.

"சத்தியமா நான் இல்ல" என்றாள் அக்கா.

உள்ளே வளையல் சத்தம் நின்று வெகுநேரம் ஆகியிருந்தது.

"நான்தாண்ணே..." சத்யபிரியாவின் குரல். "பாவமா இருந்துச்சு. சன்னல் வழியா எட்டிப் பாத்து, எறக்கி வையி தாயி, பின்னாடி பஸ்ஸு வரும்னு சொன்னேன்."

"அடிப்பாவி மகளே..." என்று அக்கா நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

நான் சொன்னதும் பொய்தான். டயர் பஞ்சர் இல்லை. காற்று கல் மாதிரி இருந்தது. சத்யபிரியா உட்கார்ந்திருந்த பக்கம் சக்கரத்துக்கு மேலே பாரம் தாங்குகிற வில்லுப்பட்டை அடியோடு படுத்திருந்தது. ஜாக்கி அரை இஞ்சுகூடத் தூக்கவில்லை.

அப்போது ரோட்டில் சத்தம் கேட்டது. சப்... சப்... சப்... வெறுங்கால். ஓடி வருகிற கால். நட்சத்திர வெளிச்சத்தில் தெரிந்தது, எலிசபெத் அக்கா. தலையில் மூட்டை இல்லை, கை இடுப்பில் இல்லை, வயிறு இல்லை. எங்களை உரசுகிற மாதிரித் தாண்டி ஓடினாள். முகத்தைத் திருப்பவே இல்லை. பாளையம்பட்டி அங்கிருந்து பதினாறு கிலோமீட்டர். வண்டியில் ஏறிக்கொள்கிறாயா அக்கா என்று நானும் கேட்கவில்லை.

அவள் போன காற்றில் வேர்வை வாடைதான் இருந்தது. விளக்கெண்ணெயும் கடலைச் செடியும் மணத்தது வேனுக்குள்ளிருந்து.

சத்யபிரியா எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. வளையல் கையைக் கதவு வழியாக இருட்டில் நீட்டினாள்.

"அம்மா... கை குடும்மா. எந்திரிக்க முடியலம்மா."

முருகேஸ்வரி அக்கா, பெற்ற தாய், அந்தக் கையைப் பார்த்தபடியே இரண்டு எட்டு பின்னால் போனாள்.