ஞாயிறு மூன்று மணிப் படம்

மண்ணெண்ணெயில் ஒரு ஜெனரேற்றரை எழுப்ப முடியாது. முதலில் ஒரு மூடி பெற்றோல் காட்ட வேண்டும். அது பிடித்து ஓடத் தொடங்கியதும் மண்ணெண்ணெய்க் குழாயை மெல்லத் திறந்துவிட்டால் போதும். அதன் பிறகு எதைக் குடிக்கிறோம் என்பது அதற்குத் தெரியாது. பெற்றோல் தடைசெய்யப்பட்டிருந்த அந்த வருடங்களில் வன்னியில் மோட்டார் சைக்கிளும் இப்படித்தான் ஓடியது. நீங்கள் என்னிடம் கேட்டதற்கும் இதுதான் பதில் என்பதால் முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

என் பெயர் கதிர்காமநாதன். புதுக்குடியிருப்புச் சந்தைக்குப் பின்னால் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தேன். கடைக்குப் பின்புறம் கிடுகால் வேய்ந்த ஒரு கொட்டில். அதில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி, கசற் போட ஒரு டெக், ஆட்கள் இருக்க இருபது வாங்கு. தொண்ணூற்றேழில் தொடங்கி நான்கு வருடம் அங்கே படம் காட்டினேன்.

இன்னொன்றையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். இடம்பெயர்ந்தவர்களுக்கு விலாசம் கிடையாது. இந்த மாதம் ஒரு மரத்தடி, அடுத்த மாதம் ஒரு பள்ளிக்கூடம். அதனால் எல்லோருக்கும் தெரிந்த ஒரு கடையின் பெயரைச் சொல்லி, அதற்குக் கடிதம் போடச் சொல்வார்கள். என் கடையின் விலாசத்தில் நாற்பது குடும்பங்கள் வாழ்ந்தன. வரும் கடிதங்களை ஒரு பிஸ்கற் பெட்டியில் போட்டு வைப்பேன். அவர்கள் வந்து எடுத்துக்கொள்வார்கள். ஒரு கடிதமும் தவறியதில்லை. ஒருவருடையதைத் தவிர.

புனிதம் முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்தவள். அவளுடைய கணவன் வின்சன் தொண்ணூற்றேழு கார்த்திகையில் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. உடல் கிடைக்காததால் வேதக்கோயிலில் அடக்கப் பூசையும் வைக்கவில்லை. அவள் கறுப்பும் உடுத்தவில்லை, வெள்ளையும் உடுத்தவில்லை. கோயில் காணியில் ஒரு தறப்பாளுக்குக் கீழே இருந்து கருவாடு காயவைத்து விற்றாள். எழுத வாசிக்கத் தெரியாது. ஞாயிறு பூசை முடிந்து, சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, வின்சனின் சித்தப்பா மரியநேசனோடு மூன்று மணிப் படத்துக்கு வருவாள்.

அந்தப் படம் எனக்கு ஒரு பழைய பெட்டிக்குள் கிடைத்தது. கசற்றின் மேல் பெயர் இல்லை. என்ன மொழி என்று கடைசிவரை எனக்குத் தெரியாது. மேல்மாடி அறையில் ஒரு மனிதன் மேசைக்கு முன்னால் இருக்கிறான். மேசையில் உப்பு பரவிக் கிடக்கிறது. அவன் விரலால் உப்பைத் தள்ளினால் கீழே தெருவில் போகிறவர்கள் அந்தப் பக்கம் திரும்பி நடக்கிறார்கள். பிறகு ஒருநாள் கரையில் ஒதுங்கிய ஒரு செத்தவனின் உடலிலிருந்து சேட்டைக் கழற்றி அவன் போட்டுக்கொள்கிறான். ஈரச் சேட்டோடு செத்தவனின் வீட்டுக்குப் போகிறான். அந்த மனைவி அவனைக் கதிரையில் இருத்தி அவன் காலைக் கழுவிவிடுகிறாள். அவளுக்கு வித்தியாசம் தெரியவில்லையா, தெரிந்துதான் கழுவுகிறாளா என்று படம் சொல்வதில்லை. கடைசிப் பத்து நிமிடம் நாடா அழிந்து வெறும் வெள்ளைக் கோடுகள்.

மொழி தெரியாத படத்துக்கு, பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் இருந்து, மைக்கைப் பிடித்துக்கொண்டு நான்தான் தமிழில் கதை சொல்வேன். சண்டைப் படங்களுக்கு அது சுலபம். இந்தப் படத்துக்கு முதல் நாளே மரியநேசன் பின் வாங்கில் இருந்து கத்தினார்.

“கதிர், அந்தாள் வாயை அஞ்சு நிமிசமாத் திறக்கேல்லை. நீ எங்கால எடுத்துக் கதைக்கிறாய்?”

“அண்ணை, அவர் மனசுக்குள்ள கதைக்கிறார்.”

“ஓமோம். அவற்ற மனசு புதுக்குடியிருப்பில எல்லோ இருக்கு.”

கொட்டில் முழுக்கச் சிரித்தது. புனிதம் சிரிக்கவில்லை. அவள் முன்வாங்கில், எனக்கு இரண்டு முழத் தூரத்தில் இருந்து, அந்தப் பெண் கால் கழுவுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தொண்ணூற்றெட்டு ஆவணியில், ஒரு புதன்கிழமை, அவள் பெயருக்குக் கடிதம் வந்தது. மழையில் நனைந்து ஒட்டு விட்டிருந்தது. நான் கிழிக்கவில்லை. வின்சன் உயிரோடு இருந்தான். இயந்திரம் நின்று, நாள் கணக்கில் அலைந்து, ஏதோ ஒரு படகு தூக்கி, இப்போது இந்தியாவில் ஒரு அகதி முகாமில் இருப்பதாக யாரையோ கொண்டு எழுதுவித்திருந்தான். தொடக்கத்திலேயே ‘என்ர கருவாட்டுக் கள்ளி’ என்றிருந்தது. கலியாணத்துக்கு முன்னர் அவள் அவனுடைய தாயின் பாயிலிருந்து கருவாடு களவெடுத்து ஓடியிருக்கிறாள். அந்தக் கதையை அவன் மறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடிதத்தைக் கொடுப்பதாகத்தான் இருந்தேன். படம் முடிந்ததும் கொடுக்கலாம் என்று சட்டைப்பையில் வைத்திருந்தேன். கால் கழுவும் காட்சி வந்தபோது, ஏன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது, மைக்கில் “என்ர கருவாட்டுக் கள்ளி” என்று சொன்னேன்.

அவள் முகத்தை நான் பார்த்தேன். நீங்கள் அப்படி ஒரு முகத்தை ஒருபோதும் கண்டிருக்கமாட்டீர்கள். அதைக் கண்ட பிறகு, ஒரு தாளை எடுத்துக் கையில் கொடுப்பது மிகவும் சிறிய காரியமாகப் பட்டது.

எல்லோரும் போன பிறகு அவள் நின்றாள்.

“அண்ணை, அவர் அப்பிடிச் சொன்னவர் எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“எனக்கென்ன தெரியும் தங்கச்சி? அந்தாள் சொல்லுறதைத் தமிழில சொல்லுறன்.”

“நீங்கள் சும்மா எடுத்துவிடேல்லையே?”

“அந்தோனியார் அறிய இல்லை.”

நான் சைவம். ஆனாலும் அவளுக்காக அந்தோனியார் பேரில் சத்தியம் செய்தேன். அதுதான் அந்த ஒரு மூடி பெற்றோல்.

கடிதங்கள் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்தன. அவற்றில் உள்ளதைப் பிரித்துப் பிரித்து ஞாயிறுதோறும் கொடுத்தேன். அவள் திரையைப் பார்த்து, சிலுவை போட்டுக்கொண்டு, மெல்லிய குரலில் பதில் சொல்வாள். பக்கத்தில் இருந்த எனக்கு மட்டும் அது கேட்கும். “கால் நோ மாறிட்டுதோ?”, “உங்கட வலையை மாமா வித்துப்போட்டார், கோவிக்காதேங்கோ.” திங்கட்கிழமை அதை அப்படியே எழுதி, புனிதம் என்று முடித்து, வின்சனுக்கு அனுப்பினேன். அவள் எழுத்தை அவன் கண்டதேயில்லை. ஆகவே யார் எழுதினால் என்ன? ஒரு தபால்காரனைவிட நான் நேர்மையாக இருந்தேன் என்றே சொல்வேன். இரண்டு பேரும் இரண்டரை வருடம் ஒருவரோடு ஒருவர் கதைத்தார்கள். நான் நடுவில் இருந்தேன், அவ்வளவுதான்.

கடிதம் பிந்தும் மாதங்களில் என்னிடம் சொல் இருக்காது. அப்போதுதான் என் சொந்தச் சொற்களைக் கொஞ்சம் கலந்தேன். படம் அவள் காதில் ஏறுகிறதா என்று பார்ப்பதற்காகத்தான். ஒரு ஞாயிறு திரையில் இருந்தவன், “நீ நீலச் சட்டை போட்டால் வடிவு” என்றான். அடுத்த ஞாயிறு அவள் நீலச் சட்டையோடு வந்தாள். பூவரசங்குளத்தில் இருந்த தமக்கை இராசமலர், தன்னோடு வந்து இருக்கும்படி ஆள் அனுப்பியபோது அவள் பெட்டி கட்டிவிட்டாள். திரையில் இருந்தவன், “நீ அங்க போனால் நான் உன்னை எங்க தேடுவன்?” என்றான். அவள் பெட்டியை அவிழ்த்தாள். சந்தையில் யாரோடு கதைக்க வேண்டும், யாரோடு வேண்டாம் என்பதும் பிறகு அப்படியே நடந்தது.

நான் அவளைத் தொட்டதில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவள் என்னை அண்ணை என்றுதான் கூப்பிட்டாள். ஞாயிறு மூன்று மணியிலிருந்து நாலரை மணிவரை மட்டும் அப்படிக் கூப்பிடவில்லை.

மரியநேசன் ஒருமுறை கேட்டார்.

“ஏன் கதிர், உந்தப் படத்தை எத்தினை தரம் போடுவாய்? போன கிழமை அந்தாள் வேற மாதிரியெல்லோ கதைச்சவர்?”

“மாமா, பேசாமல் இருங்கோ,” என்றாள் புனிதம். “ஒரு மனிசன் ஒவ்வொரு கிழமையும் ஒரே கதையே கதைப்பான்?”

கொட்டில் மறுபடி சிரித்தது. என்னை அவள் காப்பாற்றிய முதல் தடவை அது.

இரண்டாயிரத்தின் கடைசியில் வின்சன் எழுதினான். இனி முகாமில் இருக்க ஏலாது, தை பிறக்கப் படகில் வாறன், நீ வேண்டாம் என்றாலும் வருவன். கிழக்குக் கரைக்கு வர வழியில்லை, மேற்கே பூநகரிப் பக்கம்தான் இறங்கலாம், அந்தக் கடல் எனக்குப் பழக்கம் இல்லை, எந்த இடம் நல்லது என்று விசாரித்து எழுது.

நான் யோசித்தேன். அவன் வந்தால் புனிதம் என்ன ஆவாள் என்றுதான் யோசித்தேன். மூன்று வருடம் கழித்து, முகாமில் கிடந்து மெலிந்து, கால் நோவோடு ஒருவன் வந்து நிற்பான். திரையில் கதைத்தவனைப் போல அவனுக்குக் கதைக்க வருமா? கடிதத்தில் நான்கு நல்ல சொல் எழுதுவிக்கிறவன் வீட்டில் அப்படியே இருப்பான் என்று ஒரு நியதியும் இல்லை. அவளுக்குக் கிடைத்திருந்த புருசனை அவன் வந்து கெடுத்துவிடுவான்.

முந்திய வருடம் ஜெனரேற்றருக்குச் சாமான் வாங்கப் பூநகரிப் பக்கம் போயிருந்தேன். பழைய இராணுவ முகாம் ஒன்றின் எல்லை கடல்வரை போயிருந்தது. கண்ணிவெடி எடுக்கப்படாத நிலம். மண்டையோடு கீறிய சிவப்புப் பலகைகளை வரிசையாக நட்டிருந்தார்கள். எல்லாப் பலகைகளும் தெருவைப் பார்த்து நின்றன. கடலிலிருந்து வருகிறவனைப் பார்த்து ஒரு பலகையும் இல்லை. அதைக் கண்ட அன்றைக்கே, இது ஒரு கவனக்குறைவு என்று நினைத்துக்கொண்டேன்.

ஆகவே எழுதினேன். இரண்டு பனை சேர்ந்து நிற்கிற இடம், வெள்ளை மணல், ஆள் நடமாட்டம் இல்லை, விடியப்புறம் இறங்குங்கோ, நான் பனைக்குக் கீழே நிற்பன். அந்தக் கடிதத்தைத் தபாலில் போடாமல், அக்கரைக்குப் படகேறும் ஒருவர் கையில் கொடுத்துவிட்டேன். நான் எழுதிய கடிதங்களில் புனிதத்தின் சொல் ஒன்றுகூட இல்லாதது அது மட்டும்தான். முழுக்க மண்ணெண்ணெய்.

ஓம். அந்த இடத்துக்கு அவனை அனுப்பியது நான்தான். அது என்ன நிலம் என்று தெரிந்துதான் அனுப்பினேன்.

மாசி முதல் கிழமை, அந்தக் கரையின் மீனவர்கள் வெடிச் சத்தம் கேட்டுப் போய் எடுத்தார்கள். முகம் இருக்கவில்லை. இடுப்பில் பொலித்தீனால் சுற்றிக் கட்டியிருந்த கடிதத்தில் புனிதத்தின் பெயரும் என் கடை விலாசமும் இருந்தன. அங்கிருந்த பாதர் சேட்டையும் கழுத்தில் கிடந்த உத்தரியத்தையும் கடிதத்தையும் இங்கே கோயிலுக்கு அனுப்பிவைத்தார். உடலை அங்கேயே அடக்கம் செய்திருந்தார்கள்.

மரியநேசன் கடிதத்தோடு கடைக்கு வந்தார். வாசலில் சோக்கால் எழுதி வைத்த பலகையைப் பார்த்தார். இன்று மூன்று மணிக்கு என்று இருந்தது. கடிதத்தைப் பார்த்தார். மறுபடி பலகையைப் பார்த்தார். எப்போதும் பகிடி விடுகிற மனிதர், அன்றைக்கு மிகவும் தணிந்து கதைத்தார்.

“இது உன்ர எழுத்தெல்லோடா கதிர்.”

நான் இல்லை என்று சொல்லவில்லை. அவர் என் கையைப் பிடித்துக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கடைசிக் கடிதத்தைப் புனிதத்துக்கு வாசித்துக் காட்டியிருந்தார்கள். அவள் சேட்டை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“பிள்ளை, இது நீ தைச்ச சேட்டு,” என்றார் மரியநேசன். “கையில நீ போட்ட ஒட்டு கிடக்குப் பார்.”

“சேட்டு அவற்றதான் மாமா.”

“பிறகென்ன?”

“ஆரும் எடுத்துப் போட்டிருக்கலாம். படத்தில அப்பிடித்தானே.” அவள் அழவில்லை. உத்தரியத்தைத் தொடாமல் தள்ளி வைத்தாள். “செத்தது ஆரோ பாவம். அவர் போன ஞாயிறும் என்னோட கதைச்சவர்.”

“அது இவன் கதைச்சது!” மரியநேசனுடைய குரல் உடைந்துபோயிற்று. “இந்த நாய் கதைச்சது, பிள்ளை!”

அவள் என்னைப் பார்த்தாள். கதிரண்ணையைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தாள்.

“இவர் தமிழில சொல்லுறவர்,” என்றாள்.

பிறகு அந்தச் சேட்டை நான்காக மடித்து, யாரோ வேறு ஆளுடையதைத் திருப்பிக் கொடுப்பதுபோல மரியநேசனிடம் கொடுத்தாள். அடக்கப் பூசை வேண்டாம் என்று சொன்னாளாம். உயிரோடு இருக்கிறவருக்கு அப்படிப் பூசை வைப்பது பாவமாம்.

அவ்வளவுதான் நடந்தது. எழுதிய வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினால் ஒப்பம் வைக்கிறேன். எனக்கு என்ன தண்டனை என்று நான் கேட்கவில்லை. ஒரேயொரு விசயம். இன்று வெள்ளிக்கிழமை. கடை மேசைக்குக் கீழே சோடாப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் இருக்கிறது, ஒரு மூடி போதும். நாளை மறுநாள் மூன்று மணிக்கு அவள் வருவாள். நீலச் சட்டை போட்டுக்கொண்டு முன்வாங்கில் இருப்பாள். காவலுக்கு எத்தனை பேர் வந்தாலும் பரவாயில்லை, என்னை ஒன்றரை மணித்தியாலம் விடுங்கள். இத்தனை காலமும் வின்சனை உயிரோடு வைத்திருந்தவன் நான். ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே இல்லாவிட்டால் அன்றைக்குத்தான் அவன் சாவான். அந்தப் பாவம் உங்களைத்தான் சேரும்.