இரண்டு பொடிகளின் இரகசியம் காத்த மருந்தாளுநர் அக்காவுக்குத் தசைநோய்ப் பிரிவினர் எழுதிய மடல்

முப்பத்தோராண்டு முணுமுணுக்காது உழைத்த முதுகுவலிக்காரரே! மில்லிகிராமும் பிசகாத கையும், மிகையாய் ஒன்றும் பேசாத வாயும் வாய்ந்த எங்கள் பொடி அக்காவே! வணக்கம்.

தங்கள் பணிநிறைவு விழாவில் வாசிக்க இம்மடலை எழுத ஆள் தேடியபோது எல்லோருக்கும் திடீரென்று வேலை வந்துவிட்டது. கடைசியில் எங்கள் நாலு பேர் தலையில் விழுந்தது. நாளெல்லாம் நோயாளிகளைத் தூக்கி உட்காரவைத்த கைகளுக்கு எதுகையும் மோனையும் எங்கிருந்து வரும்? வந்தவரை எழுதியிருக்கிறோம். பொறுத்தருள்க!

பரம்பரையாக வரும் தசைநோய்க்குக் கிரியாட்டின் பொடி பலம் தருமா என்று நம் பிரிவில் சோதித்த காலத்தைச் சொல்லாமல் தங்களைப் பாராட்ட முடியாது. பாதிப் பேருக்கு நிஜப் பொடி; மீதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே ருசியில் வெறும் மாவு. எவருக்கு எது என்பது உண்பவருக்கும் தெரியாது, அவர் கைபலத்தை அளந்த எங்களுக்கும் தெரியாது. பொட்டலம் கட்டிய தங்களுக்கு மட்டுமே தெரியும். சீட்டுக் குலுக்கியதில், அந்நோயோடு சோதனையில் சேர்ந்திருந்த, பெயர்ப்பலகை எழுதும் ஓவியரான தங்கள் உடன்பிறந்த அண்ணனுக்கு விழுந்தது மாவு.

"இந்த வேலையிலேருந்து என்னை மாத்திடுங்க டாக்டர்" என்று கேட்டீர்கள். "வேற ஆள் எங்கம்மா இருக்கு?" என்றார் பெரிய டாக்டர். அதோடு சரி.

நாலாம் மாதம் அண்ணன் மருந்து ஜன்னலில் நின்று, "பொடி பிரமாதம்மா! கை தோளுக்கு மேல போகுது பாரு!" என்று குதூகலித்தார். நம்பிக்கைக்கும் கொஞ்சம் தெம்பு உண்டு போலும். அந்தத் தெம்பில் இரண்டு மாடி உயரப் பலகை ஒன்றை எழுத ஒப்புக்கொண்டுவிட்டார்.

"ஏணி ஏற வேணாம்ண்ணா."

"ஏன்?"

"வேணாம்னா வேணாம்."

அதற்குமேல் தங்களால் சொல்ல முடியவில்லை. அவர் ஏறினார். தூக்கிய கை நிற்கவில்லை. பிடி நழுவி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அன்றும் நீங்கள் பொட்டலம் கட்டினீர்கள், அக்கா. உங்கள் முகத்தைப் பார்க்க எங்களுக்குத் துணிவில்லை.

சொல்லியிருந்தால் சோதனை பாழ். சொல்லாததால் அண்ணன் பாழ். எது சரியென்று எங்களுக்கு இன்றைக்கும் தெரியவில்லை. பொய்யாகப் புகழ எங்களுக்குத் தெம்பும் இல்லை. ஒன்று மட்டும் தெரியும்: இரகசியம் கசியாததால் கணக்கு நம்பும்படி வந்தது. நிஜப் பொடி தின்றவர்களுக்குப் பலம் கூடியிருந்தது. கொஞ்சம்தான், சீப்பைத் தலை வரைக்கும் தூக்குமளவு. தசைக்குள் சேர்ந்த சர்க்கரையை எரிக்க முடியாத வேறொரு வகை நோயாளிகளுக்கோ வலிதான் கூடியது. யாருக்குக் கொடுப்பது, யாருக்குக் கூடாது என்று இன்று நாங்கள் தயங்காமல் சொல்கிறோம் என்றால், அது தாங்கள் தின்ற துக்கத்தின் தயவு!

சோதனை முடிந்து, யாருக்கு எந்தப் பொடி என்ற பட்டியல் பிரிக்கப்பட்ட அன்று அண்ணன், "தெரிஞ்சேதான் ஏற விட்டியா?" என்று ஒரே கேள்வி கேட்டார். அதன்பின் ஒன்பதாண்டு பேசவில்லை. நிஜப் பொடி அவருக்கும் வந்தது. மாதாமாதம் தராசில் நிறுத்துக் கொடுத்தவர் நீங்கள், வாங்கிப்போனவர் அண்ணி. "சாப்பிடறாரா அண்ணி?" என்பீர்கள். "ஒருநாள் விடறதில்ல" என்பார் அவர். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு மாதம் ஓட்டிய மகராசியே! எப்படி ஓட்டினீர்களோ, எங்களுக்குத் தெரியாது.

இனி முதுகு நிமிரட்டும், தூக்கம் சேரட்டும், தராசைத் தொடாத விடியல்கள் ஆயிரமாயிரம் வாய்க்கட்டும்! நலமும் ஆயுளும் நிறைய நிறைய வாழ்க!

முடிக்குமுன் ஒன்று. நேற்று அலுவலகத் தொலைபேசியில் ஒரு குரல் கேட்டது: "என் தங்கச்சி விழா எத்தனை மணிக்கு? சக்கர நாற்காலி உள்ள வருமா?" வரும் என்றோம். "நான் வர்றதா அவகிட்ட சொல்லாதீங்க. வரமாட்டா" என்றார். நாங்களும் ஒருநாள் இரகசியம் காத்துப் பார்த்தோம். தாங்கமுடியவில்லை, அக்கா. கடைசி வரிசையில், கதவோரம் இருக்கிறார். சட்டகம் போட்ட இம்மடலை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம். முதலில் மேடையை விட்டு இறங்கிப் போங்கள்.

இப்படிக்கு,
தங்களால் வாய்மூடக் கற்று, இன்று வாய்திறந்துவிட்ட
தசைநோய்ப் பிரிவு ஊழியர்கள்