கைவைத்த போர்டு

இந்த நாற்காலி என் இடுப்புக்கு ஒத்துவராது. நின்றுகொண்டே சொல்கிறேன். லைனில் நின்றே பழகிய உடம்பு இது. சூப்பர்வைசருக்கென்று கம்பெனி ஒரு கண்ணாடி அறையும் சுழல் நாற்காலியும் கொடுத்திருந்தது. அதில் என் சாப்பாட்டுப் பைதான் உட்கார்ந்திருக்கும். மேலே உட்கார்ந்து பார்த்தால் கீழே எல்லாரும் நல்லவர்களாகத்தான் தெரிவார்கள்.

இந்த ஸ்டேஷனில் பக்கத்து அறையில் நீங்கள் உட்கார வைத்திருப்பது என் தங்கை மகள். அவளை வெளியே அனுப்பத்தான் வந்தேன். வேறு எதற்காகவும் நான் இங்கே வந்திருக்க மாட்டேன்.

நாங்கள் செய்வது அலாரப் பெட்டி. வீட்டில் மூச்சுக் கருவியோடு படுத்துக் கிடப்பவர்களுக்குக் குழாய் கழன்றால் அது கத்த வேண்டும். அதற்கு வேறு வேலை கிடையாது. உள்ளே இருக்கிற சர்க்யூட் போர்டில் ஸ்பீக்கரின் கம்பிக்கால் ஈயப் பற்றில் நிற்கிறது. ஈயம் நன்றாக உருகிப் பிடித்தால் பளபளக்கும். சூடு போதாமல் வைத்தால் சாம்பல் பூத்த மாதிரி மங்கிக் கிடக்கும். கால் தொட்டுக்கொண்டிருக்கும், பிடித்திருக்காது. டெஸ்டிங் மிஷின் அழுத்திப் பார்க்கும்போது அதுவும் கத்தும், மிஷினும் பச்சை விளக்கைப் போட்டுவிடும். வண்டியில் நாலு குலுங்கு குலுங்கினால் விட்டுப்போகும். அதனால் மிஷினுக்குப் பிறகு ஓர் ஆள் லென்ஸில் வைத்துப் பார்ப்பது வழக்கம். அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தவள்தான் என் தங்கை மகள்.

நான் யாரையும் நம்புகிறவன் இல்லை. நாள் முழுக்க நல்ல போர்டையே பார்த்த கண் கெட்டதையும் நல்லதென்றே பார்க்கும். அதனால் அவ்வப்போது நானே ஒரு போர்டை எடுத்து, ஈயத்தை அரைகுறையாக வைத்து, தட்டில் கலந்துவிடுவேன். திருகுத் துளையின் உள்விளிம்பில் ஒரு சிவப்புப் புள்ளி. அது என் அடையாளம், வேறு யாருக்கும் தெரியாது. லென்ஸில் பிடிபட்டால் பற்றவைக்கிற வரிசைக்குப் போய், "எவன்டா இது வெச்சது, கையா காலா?" என்று கேட்பேன். என் கைவேலைக்கு அவர்கள் தலைகுனிந்து நிற்பார்கள். தொழில் நடக்க வேண்டாமா.

என்னைப் பூதக்கண்ணாடி என்று சொல்வார்கள், என் காதில் விழும்படியே.

அன்றைக்கு அவள் காலையிலேயே வந்து நின்றாள்.

"மாமா, குட்டிக்கு உடம்பு அனலாக் கொதிக்குது. மத்தியானம் மட்டும் விட்டீங்கன்னா..."

"இங்க மாமா இல்ல. சார்."

"சரிங்க சார். கொதிக்கிறது சாரோட தங்கச்சி பேத்திதான் சார்."

பேக்கிங்கில் இருக்கிற அக்கா சும்மா இருக்கவில்லை. "விடும்மா. சாருக்கு மனசு இருக்கான்னு லென்ஸுல வெச்சுத்தான் பாக்கணும்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் லீவு கொடுக்கவில்லை. சொந்தக்காரிக்கு வளைந்துகொடுத்தால் மற்றவர்கள் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

மத்தியானம் என் போர்டைக் கலந்தேன். நன்றாக இருக்கிற நாளில் ஒருவருடைய கண்ணைச் சோதித்து என்ன பயன்? அவள் அதை எடுத்தாள், பார்த்தாள், நல்லது இருக்கிற பக்கம் தள்ளினாள். நான் தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஷிப்டு முடிந்ததும் வந்தாள். முகம் செத்துக் கிடந்தது.

"மாமா, ஒரு போர்டுல ஸ்பீக்கர் கால் மங்கலா இருந்த மாதிரி இருந்துச்சு. நெனப்பு வேற எங்கயோ இருந்துச்சா, கை தள்ளிவிட்ருச்சு. பெட்டியெல்லாம் பிரிச்சுப் பாத்துரலாமா? நானே உக்காந்து பாக்குறேன்."

பெட்டிகள் அங்கேயே அடுக்கியிருந்தன. எது என்று எனக்குத் தெரியும். என் முழங்கை அதன் மேல்தான் ஊன்றியிருந்தது.

"மூடினது மூடினதுதான். நீ போய்க் குழந்தையைப் பாரு" என்றேன். நான் அன்பாகப் பேசிவிட்டேன் என்று நினைத்து அவளுக்குக் கண் கலங்கியது. ஒரு ராத்திரி நெஞ்சு அடித்துக்கொள்ளட்டும், அப்போதுதான் கண் திறக்கும் என்பது என் கணக்கு. காலையில் அந்தப் பெட்டியைத் தனியாக எடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். காலையில் வந்தால் லாரி போய்விட்டிருந்தது.

வாசல் வரை போனேன். அனுப்புகிறவனிடம் ஒரு வார்த்தை சொன்னால் லாரியைத் திருப்பிவிடுவான். ஆனால் கெட்டதென்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பானே, என்ன சொல்வது? திரும்பி வந்து லைனை ஓட்டினேன். அதற்குப் பிறகு என் கையில் எதுவுமில்லை. எந்த ஊர், எந்த வீடு என்று யாரைப் போய்க் கேட்பேன்? சாப்பிட உட்கார்ந்தால் அந்தப் பெட்டி கத்துகிறதா என்று காது தானாகப் போகும். எங்கேயோ இருக்கிற பெட்டி எனக்குக் கேட்குமா?

அந்தப் பெட்டி போன வீட்டில் ஒரு ராத்திரி குழாய் கழன்றது, பெட்டி கத்தவில்லை. இறந்தவருடைய மனைவி அதே அறையில்தான் படுத்திருந்தாளாம். பெட்டி இருக்கிறதே என்று தூங்கிவிட்டாளாம். ஒரு பெட்டியை நம்பி எப்படித் தூங்குவது? நானாக இருந்தால் தூங்கியிருக்க மாட்டேன்.

பெட்டி கம்பெனிக்குத் திரும்பி வந்ததும், திறந்து பார்த்து, எங்களை வரிசையாக நிறுத்தினார்கள். யார் பார்த்த போர்டு என்று கேட்டதும் அவளே முன்னால் வந்தாள். "நான்தான் சார். அன்னிக்கே சந்தேகமா இருந்துச்சு" என்றாள். யாரிடமாவது சொன்னாயா என்று இன்ஜினியர் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

"இல்ல சார், யார்கிட்டயும் சொல்லல" என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அவள் அம்மாவுக்கும் புரியவில்லை. அந்தக் குழந்தை இப்போது என் வீட்டில்தான் இருக்கிறது. அம்மா எப்போ வரும் என்று என்னைத்தான் கேட்கிறது.

ஆக, அந்த ஈயத்தை வைத்தது என் கை. தெரிந்தேதான் வைத்தேன். பெட்டியின் மேல் கை வைத்துக்கொண்டே அதைப் போகவிட்டேன். ஓர் ஆள் மூச்சுமுட்டிச் செத்தது அதனால்தான். எங்கே கையெழுத்து வைக்க வேண்டுமோ சொல்லுங்கள். அவளை இப்போதே அனுப்புங்கள்.

ஒன்றை மட்டும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். நான் அதை வைத்தது பிடிபடுவதற்காக. பிடித்திருக்க வேண்டியவள் அவள்.