அளவு முப்பத்தெட்டு

ஒரு கோட்டு நன்றாகத் தைக்கப்பட்டிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள அதன் துணியையோ பொத்தானையோ பார்க்க வேண்டியதில்லை. பின்கழுத்தைப் பார்த்தால் போதும். சட்டைக் காலருக்கும் கோட்டுக் காலருக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி இருந்தால், என்ன விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் அது இரவல் கோட்டு மாதிரித்தான் தெரியும். உங்களுடையதில் அந்த இடைவெளி இருக்கிறது. குறையாகச் சொல்லவில்லை. பார்த்துப் பழகிய கண் சும்மா இருப்பதில்லை.

எங்கள் குழுவில் இதை இன்னும் பக்குவமாகச் சொல்வார்கள். பழைய பாணிக் கோட்டு, கால்சட்டை, காலணி என்று பித்துப் பிடித்தவர்கள் இணையத்தில் கூடும் இடம் அது. அங்கே யாரும் யாருடைய பெயரையும் சம்பளத்தையும் கேட்பதில்லை. காலர் மடிப்பு எவ்வளவு அகலம் இருக்கலாம் என்று நாள்கணக்கில் சண்டை நடக்கும். சண்டை ஓய்ந்ததும், தோற்றவருக்கு ஜெயித்தவர் தன்னிடம் மீந்த துணியைத் தபாலில் அனுப்பியிருப்பார். இரண்டே விதிகள். படத்தில் முகம் கூடாது, கழுத்துக்குக் கீழேதான். குறை சொல்வதானால் உடையைச் சொல்லலாம். உடம்பைச் சொல்லக் கூடாது.

இரண்டாவது விதி எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது உங்களுக்குப் புரியாது. எனக்கு வலது தோள் இரண்டு விரல் இறக்கம். காப்பீட்டு அலுவலகத்தில் நாள் முழுக்க நசுங்கிய கார்களின் படங்களைப் பார்த்துச் சேதம் மதிப்பிடுவது என் வேலை. அங்கே என் பட்டப்பெயர் தராசு. "தராசு வந்தாச்சு, இன்னைக்கு எந்தப் பக்கம் வெயிட்டு?" என்று தினமும் ஒருவன் கேட்பான். தினமும் ஒருவன் சிரிப்பான். குழுவிலோ, நான் முதலில் போட்ட என் சொந்தப் படத்தைப் பார்த்து, "வலது தோளுக்குள் கொஞ்சம் பஞ்சு கூட்டினால் கோட்டு இன்னும் சிறக்கும், நண்பரே" என்றுதான் எழுதினார்கள். குற்றம் கோட்டினுடையது. என்னுடையது இல்லை. அன்று நான் குளியலறையில் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன்.

மறுவாரம் அதே கோட்டைத் தம்பிக்குப் போட்டுப் பார்த்தேன். அவன் லிஃப்ட் மெக்கானிக். அப்பா அம்மா போனபின் நாங்கள் இருவர்தான் வீட்டில். அளவுகோல் வைத்து இழுத்த நேர்க்கோடு போலத் தோள், மார்பளவு முப்பத்தெட்டு. கோட்டு அவன்மேல் போய் உட்கார்ந்ததைப் பார்த்தபோது, இத்தனை நாள் அது என்னிடம் தவறான முகவரியில் இருந்தது போலத் தோன்றியது. கழுத்துக்குக் கீழே படமெடுத்துப் போட்டேன். பஞ்சு வைத்துச் சரிசெய்துவிட்டேன் என்று நினைத்துக் குழுவே திரண்டு வந்து பாராட்டியது. அதன்பின் என் பெயர் அங்கே நேர்த்தோள். இரண்டு வருடத்தில் என்னையே நிர்வாகியாக்கினார்கள்.

"அண்ணா, நான் என்ன ஜவுளிக்கடை பொம்மையா?" என்பான் தம்பி, கையை விறைப்பாக நீட்டிக்கொண்டு.

"பொம்மை சாப்பாடு கேக்காதுடா. நீ கேக்குற."

ஞாயிறுதோறும் ஒரு படம். முணுமுணுத்தாலும் நிற்பான். அண்ணனுக்கு வேறு சந்தோஷம் இல்லை என்று அவனுக்குத் தெரியும். என்மேல் பிரியமான பிள்ளை.

பிறகு அவனுக்கு ஒரு பெண் அமைந்தாள். பேக்கரி வைத்திருப்பவள். நல்ல பெண், வாய் கொஞ்சம் நீளம். "மாமா, இனிமே இவர நான் வளத்துக்கறேன். நீங்க வளத்த லட்சணத்துக்கு எலும்ப எண்ணிடலாம்" என்பாள். அவள் கையால் தின்று அவன் பூரித்தான். கன்னம் வந்தது, இடுப்பு வந்தது. ஒரு ஞாயிறு, சாம்பல் கோட்டின் பொத்தான் மாட்டவில்லை. இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அலமாரியில் பதினான்கு கோட்டுகள், எல்லாம் அவன் அளவுக்கு. கல்யாணக் கோட்டின் துணியைக் குழுவே வாக்கெடுத்துத் தேர்ந்தெடுத்திருந்தது, நேர்த்தோளின் கல்யாணம் என்று நினைத்து. முன்பின் பார்க்காத மனிதர்கள் அதற்காகக் காத்திருந்தார்கள். அவர்களை ஏமாற்ற எனக்கு மனம் வரவில்லை.

இளைப்பதற்கான மாத்திரைகளை இணையத்தில் வாங்கினேன். காலைக் காபி எப்போதும் நான்தான் போடுவேன். கல்யாணம் வரைக்கும் மட்டும் என்பது என் கணக்கு. அதன்பின் அவள் பாடு, அவன் பாடு.

மாத்திரை வேலை செய்தது. ஒரு மாதத்தில் பொத்தான் மாட்டியது. அங்கேயே நிறுத்தியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். இடுப்பு ஒடுங்க ஒடுங்கக் கோட்டின் கோடு தெளிந்து வந்தது. பாராட்டு வாராவாரம் கூடியது. அதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

தம்பிக்குக் கை நடுங்கியது, மூச்சு வாங்கியது. அவள் டாக்டரிடம் அழைத்துப் போனாள். ரத்தம் எடுத்த வாரத்தில் நான் காபியில் எதுவும் போடவில்லை. மருத்துவரைக் குழப்புவது சரியில்லை. கல்யாணப் பதற்றம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். டெய்லர்தான் நச்சரித்தார். "சார், இதப் பிரிச்சு உள்ள வாங்குறது எத்தனாவது தடவ? துணி சுருங்கலாம், ஆள் சுருங்கலாமா? நல்ல டாக்டரா பாருங்க." தையல் கூலியோடு சேர்த்து நன்றியும் சொன்னேன்.

குழுவில் ஒரே ஒருவர் விதியை மீறினார். பல்வைத்தியர் என்று நாங்கள் கூப்பிடும் ஆள், உண்மையிலேயே பல்வைத்தியர். "கோட்டைப் பற்றி அல்ல. இவருடைய பழைய படங்களை வரிசையாகப் பார்த்தேன். நண்பரே, உங்கள் உடம்பு சரியில்லை" என்று எழுதினார். உடம்பைப் பற்றியது என்பதால் அதை நீக்கினேன். நிர்வாகியின் கடமை அது. அவர் விடவில்லை, தனிச்செய்தியில் கெஞ்சாத குறையாக, ஒரு டாக்டரைப் பாருங்கள் என்றார். என்மேல் அப்படி ஒருவர் அக்கறைப்பட்டதில்லை. நெகிழ்ந்துபோனேன். நான் நலமாக இருக்கிறேன் என்று பதில் போட்டேன். நான் நலமாகத்தான் இருந்தேன். அது பொய் இல்லை.

கடைசி ஞாயிறு கல்யாணக் கோட்டு வந்தது. முற்பகல் வெளிச்சம் ஜன்னலில் அருமையாக இருந்தது.

"அண்ணா, நின்னா தலை சுத்துது."

"அப்ப உக்காருடா. உக்காந்த படம் இதுவரைக்கும் போட்டதில்ல."

உட்காரும்போதுதான் கோட்டின் யோக்கியதை தெரியும். வயிற்றில் மடிப்பு விழும், காலர் எழும்பும். நாற்காலியில் அமர்த்தி, கழுத்துக்குக் கீழே சட்டகம் வைத்து, தொடர்ந்து எடுத்தேன். மூச்சு விடும்போது பொத்தானைச் சுற்றி நுண்ணிய சுருக்கங்கள் தோன்றி மறையும். அவை எப்போதும் என்னைத் தொந்தரவு செய்பவை. அன்று ஒரு கட்டத்தில் அவை நின்றுவிட்டன. துணி தண்ணீர் போல அமைதியாகக் கிடந்தது. துணி அப்படி விழுந்து நான் பார்த்ததில்லை. அருகே போய்ச் சட்டைக் கையைக் கோட்டுக்கு வெளியே அரை விரற்கடை இழுத்துவிட்டு, இன்னும் சில படங்கள் எடுத்தேன். எந்தப் படத்தில் அவன் போனான் என்று கேட்கிறீர்கள். எனக்குத் தெரியாது. சட்டகத்தில் தலை இல்லை.

சிறந்த படத்தைப் பதிவிட்ட பிறகு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். இதயம் நின்றுவிட்டது என்றார்கள். அவள் ஆஸ்பத்திரித் தரையில் உட்கார்ந்து, "நல்லா சாப்பிட்டாரே மாமா, நல்லா சாப்பிட்டாரே" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன்.

குழுவில் எல்லோரும் அந்தக் கையிறக்கத்தைக் கொண்டாடினார்கள். சட்டைக் கை எவ்வளவு தெரிய வேண்டுமோ அவ்வளவே தெரிந்தது என்றார்கள். நன்றி சொல்லித் தனித்தனியே பதில் போட்டேன். பல்வைத்தியர் கையிறக்கத்தைப் பார்க்கவில்லை; அதற்குக் கீழே நீலம் பாரித்த நகங்களைப் பார்த்திருக்கிறார். அந்த நிறத்தில் நகம் இருப்பவன் இவ்வளவு உற்சாகமாக நன்றி சொல்ல மாட்டான், படத்தில் இருப்பவன் வேறு, பதில் போடுபவன் வேறு என்று புரிந்துகொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்திருக்கிறார். கெட்டிக்காரர். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை.

நீங்கள் என்னைக் கூட்டிவரும்வரை அந்த வீட்டில்தான் இருந்தேன். அலமாரியை ஒருமுறைதான் திறந்தேன்; மறுபடி திறக்க முடியவில்லை. பல நாள் உடுத்திய கோட்டின் முழங்கை, கழற்றிய பின்னும் கொஞ்சம் மடங்கியே இருக்கும். பதினான்கும் அப்படித்தான் தொங்கின, எதையோ வாங்கக் கை நீட்டுவதுபோல. சாயங்காலங்களில் ஹேங்கர் உரசும் சத்தம் கேட்கும். காற்று என்றுதான் நினைக்கிறேன். ஜன்னல்களைச் சாத்தி வைத்திருந்தேன். காலையில் கை தன்னால் இரண்டு கோப்பைகளை எடுத்து வைக்கும். அவன் கோப்பையில் நான் ஒருநாளும் குடித்ததில்லை.

ஆம், என் தம்பியைக் கொன்றது நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

விஷயம் தெரிந்த பிறகும், அந்தக் கோட்டுகள் என்ன ஆகும், என்ன அளவு என்று குழுவில் ஒருவர் கேட்டிருப்பதாகச் சொன்னீர்கள். பிரேதப் பரிசோதனையில் அவன் மார்பளவு என்று குறித்திருப்பது முப்பத்துநான்கு. அதை எழுத வேண்டாம். கோட்டுகளின் தையலைப் பிரித்துவிட்டால் பழையபடி வந்துவிடும். முப்பத்தெட்டு என்று சொல்லுங்கள். அவனை அந்த அளவிலேயே வைத்திருக்கத்தான் நான் இவ்வளவும் செய்தேன்.